நடந்து விளையாடுபவனுக்கு ஒரு பை

இணுவிலில் பிறந்து வளர்ந்த ஒருவன் கோல்ஃப் பையைப் பற்றி எழுத வருவதை வாசகர்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் செம்மண் உண்டு. புகையிலையும் வெங்காயமும் உண்டு. கந்தசுவாமி கோயிலின் மஞ்சம் உண்டு. தவிலும் நாதஸ்வரமும் உண்டு. கோல்ஃப் கோல்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போன ஒருவரை நான் அங்கு கண்டதில்லை. பத்திரிகை அலுவலகத்திலும் அப்படித்தான். கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் போக, பக்கத்தின் அடியில் இரண்டு அங்குல இடம் மிஞ்சினால் மட்டுமே கோல்ஃப் முடிவு ஒன்றைப் போடுவோம். அதை யாராவது வாசித்தார்களா என்பதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை.

இருந்தும், சென்ற ஆண்டு கோடையில் ரொறன்ரோவில் தங்கியிருந்தபோது ஒரு முழு வாரத்தை ஒரு கோல்ஃப் பையைத் தெரிவு செய்வதிலேயே செலவிட்டேன். பை எனக்கல்ல, என் அண்ணனுக்கு.

அண்ணன் 1986 இல் கனடாவுக்குப் போனவர். ஸ்காபரோவில் வீடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலை வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2021 இல் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. தேறியபின் நாள்தோறும் நடக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. ஊரில் இருந்திருந்தால் மருதனார்மடம் சந்தைக்கும் கோயிலுக்குமாக நடந்தே கழித்திருப்பார். அங்கே காரணமில்லாமல் நடப்பது அவருக்குப் பெரும் சலிப்பாகிவிட்டது. வணிக வளாகத்தின் கண்ணாடிக் கடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து, விலைப்பட்டியல் முழுவதும் மனனமாகிவிட்டது என்றார். அந்நேரத்தில், தொழிற்சாலையில் கூட வேலை செய்த பழைய நண்பர் ஒருவர் அவரை டாம் ஓஷாண்டர் மைதானத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். ரொறன்ரோ மாநகரசபைக்குச் சொந்தமான பொது மைதானம் அது. ஹைலண்ட் ஓடை ஊடறுத்து ஓடுகிறது. கோல்ஃப் என்றாலே செல்வந்தர் கழகம் என்று நினைக்கிற நமக்கு, கட்டணம் செலுத்தி யாரும் விளையாடலாம் என்ற ஒழுங்கு புதுமையாகத்தான் தோன்றும்.

அன்று தொடங்கி அண்ணன் கோல்ஃப் பித்தர் ஆகிவிட்டார். பந்து எங்கே போகிறது என்பதில் அவருக்குப் பெரிய கவலையில்லை. "பந்தைத் தேடிப் போறன், அதாலை நடக்கிறன். வேறை என்ன வேணும்?" என்பார். பதினெட்டுக் குழிகளையும் கால்நடையாகச் சுற்றி வந்தால் எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர் வரை நடந்ததாக ஆகும். குழிக்குக் குழி அளந்த தூரம் அதைவிடக் குறைவு. மிகுதி, பந்து ஒருபுறமும் ஆள் ஒருபுறமுமாக அலைவதால் வருவது. அண்ணனுக்கு மிகுதியே அதிகம்.

மைதானத்தில் வாடகைக்கு மின்வண்டி உண்டு. தள்ளிக்கொண்டு போகும் மூன்று சில்லு வண்டியும் உண்டு. மின்வண்டியில் ஏறினால் வைத்தியரின் கட்டளை பொருளற்றுப் போய்விடும். தள்ளுவண்டியோ ஈரப்புல்லிலும் சரிவிலும் இழுபடுகிறது என்றார் அண்ணன். உண்மைக் காரணம் வேறு என்பது என் ஊகம். பத்தொன்பது வயதில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் காவிய மனிதருக்குத் தோளில் ஏதாவது இருந்தால்தான் நடை நடையாகத் தோன்றுகிறது. வைத்தியரும் இறுதியில் இணங்கினார், ஒரு நிபந்தனையோடு: தோளில் ஏறும் மொத்தப் பாரம் எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது.

அண்ணனிடம் இருந்ததோ, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பழைய பொருட்களைப் பரப்பி விற்றபோது பத்து டொலருக்கு வாங்கிய ஒரு மாபெரும் பை. வண்டியில் கட்டி ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. கறுப்பு நிறம், எண்ணற்ற பைகள், ஒரே ஒரு வார். அதைத் தூக்கி நிறுக்கும்படி நான்தான் சொன்னேன். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் பயணப்பெட்டி நிறுக்கும் சிறிய கைத்தராசு ஒன்று எப்படியும் இருக்கும் அல்லவா? இருபத்து மூன்று கிலோவுக்கு ஒரு கிராமும் கூடாமல் பெட்டி கட்டுவதில் நம்மை வெல்ல ஆளில்லை. அந்தத் தராசின் கொக்கியில் பையைக் கொளுவித் தூக்கினேன். பதினான்கு கிலோவுக்கும் மேல் காட்டியது.

"அண்ணை, இது பையில்லை, சிப்பம்" என்றேன். புகையிலைச் சிப்பம் கட்டிய குடும்பத்தவர் என்பதால் அவருக்குப் பொருள் உடனே விளங்கியது.

*

இந்த இடத்தில், அந்த வாரத்தில் நான் வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இதே வயதில், இதே தேவையோடு இருக்கும் நண்பர்கள் சிலருக்காவது பயன்படலாம்.

கோல்ஃப் விளையாட்டு பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. ஆனால் கோல்ஃப் பை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்குமுன் கோல்களை ஒரு கட்டாகக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டுதான் ஆட்களோ அவர்களின் ஏவலரோ நடந்தார்கள். கோல்களும் அப்போது சிலவே. பை வந்த பிறகு கோல்கள் பெருகின. இடம் இருந்தால் பொருள் சேரும் என்பதற்கு நம் வீட்டு அலுமாரிகளே சாட்சி. 1930களில் இருபதுக்கு மேற்பட்ட கோல்களைச் சுமக்கச் செய்தவர்கள் இருந்தார்கள். இறுதியில் 1938 இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும், மறு ஆண்டு பிரித்தானிய விதியாளர்களும், ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கு கோல்களே உச்சம் என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு இன்றும் இருக்கிறது. அதை மீறினால் தண்டம் உண்டு. 2001 பிரித்தானியத் திறந்த போட்டியின் கடைசி நாளில், முன்னணியில் நின்ற இயன் வூஸ்னமின் பையில் பயிற்சிக்காக வைத்திருந்த பதினைந்தாவது கோல் ஒன்று தவறுதலாகத் தங்கிவிட்டது. இரண்டாவது குழிக்குப் போகும்போதுதான் கண்டார்கள். இரண்டு அடிகள் தண்டம். வேண்டாத ஒன்றைச் சுமந்ததற்கு இதைவிட அதிக விலை கொடுத்தவர் அந்த விளையாட்டில் இருக்க முடியாது.

உச்ச வரம்பு உண்டே தவிர, குறைந்தது இத்தனை கோல் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இதை அண்ணனுக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பதினான்கும் இருந்தால்தான் ஆட்டக்காரர் என்று மதிப்பார்கள் என எண்ணியிருந்தார்.

பைகளில் நான்கு வகை. தொழின்முறை ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த பெரிய பை நான்கு, ஐந்து கிலோ வரும். அதைச் சுமக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. வண்டியில் கட்டும் பை இரண்டரை, மூன்று கிலோ. மூன்றாவது, கீழே வைத்ததும் இரண்டு கால்களை விரித்துத் தானாகச் சாய்ந்து நிற்கும் பை. 1980களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இதுவே நடப்பவர்களின் முதல் தெரிவு. ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை. நான்காவது, பென்சில் பை என்று சொல்லப்படும் ஒடுங்கிய துணிக்குழல். ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்குக் காலில்லை, ஈரப்புல்லில் கிடத்தவேண்டும், ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுக்கவேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நூறு தடவை குனிவது அறுபத்து நான்கு வயது முதுகுக்கு ஆகாது. அரைக்கிலோ கூடினாலும் கால் உள்ள பையே நல்லது என்பது என் முடிவு.

வாரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒற்றை வார் ஒரு தோளையே பதம் பார்க்கும். 1990களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் முதுகுப்பை போல இரட்டை வார் வந்தது. பாரம் இரு தோளுக்கும் பகிரப்படுகிறது. நடப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்கிறார்கள்.

*

சுமப்பவர்களை விட்டுவிட்டுச் சுமையைப் பற்றி மட்டும் பேசினால் என் தொழிலுக்கு அது அழகல்ல. நமது நாட்டில் கோல்ஃப் பையைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் அதை வாங்கியவர்கள் அல்லர்.

சமாதான உடன்படிக்கைக் காலத்தில், 2003 இல், வேறொரு செய்தி வேலையாக நுவரெலியா போயிருந்தேன். நகரின் நடுவிலேயே 1889 இல் தொடங்கப்பட்ட நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் மைதானம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் நாட்டுக் குளிரையும் புல்லையும் தேடிக்கொண்ட இடம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது, விளையாடுபவர்களைவிடப் பை சுமப்பவர்களிலேயே என் கண் தங்கியது. கெடி என்று அவர்களைச் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சற்று நீட்டினால் தமிழ்நாட்டில் வேறு பொருள் வந்துவிடும். வேலை முடிந்து தேநீர்க்கடைக்கு வந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். சுற்றுத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தூக்கத் தொடங்கியவர்.

"பைய தூக்குனதுமே ஆளு எப்படின்னு சொல்லிருவேங்க" என்றார். "நல்லா வெளையாடுறவரு பையில தேவையில்லாதது இருக்காது. புதுசா பணம் வந்தவரு பையில மூணு டசன் பந்து, ரெண்டு கொடை, ஒரு போத்தல் எல்லாம் இருக்கும். பந்து போனா தேடுறதும் நாங்கதான்."

அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, துண்டை இழுத்து மூடிக்கொண்டார். அன்று எழுதிய கட்டுரையில் அந்தத் தோள் இடம்பெறவில்லை. கேட்டிருந்த செய்தி மரக்கறி விலை பற்றியது.

கோல்ஃப் சரித்திரத்தில் பை சுமந்தவர்களுக்கு ஒரே ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. 1913 இல், கெடியாக இருந்து ஆட்டக்காரரான பிரான்சிஸ் விமெற் என்ற இருபது வயது இளைஞர், பொஸ்ரன் அருகே புரூக்லைனில் நடந்த அமெரிக்கத் திறந்த போட்டியில் பிரித்தானியாவின் இரு பெரும் ஆட்டக்காரர்களை வென்றார். அவருடைய பையைச் சுமந்தவன் எடி லோவரி என்ற பத்து வயதுச் சிறுவன். படத்தில் பை அவன் உயரத்துக்கு நிற்கிறது. இலங்கையிலும், அந்த விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு இந்தியச் சுற்றுப்போட்டிகள் வரை போன தங்கராஜா, பிரபாகரன் போன்ற தமிழ்ப்பெயர்கள் பின்னாளில் பத்திரிகைகளில் வந்தன. தங்கராஜா அங்கே கிண்ணங்களும் வென்றார். அந்தச் செய்திகளையும் நாங்கள் அந்த இரண்டு அங்குல இடத்தில்தான் போட்டோம்.

அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அதுதான் சொல்லுறன், என்ரை பையை நானே காவவேணும்" என்றார்.

*

கடைக்குப் போகும் வழியில் எனக்கு ஊர்த் தவில்காரர்களின் ஞாபகம் வந்தது. இணுவில் விசுவலிங்கத்தின் மகனாக 1933 இல் எங்கள் ஊரில் பிறந்து, பின் அளவெட்டியில் வாழ்ந்து, 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை நேரில் கேட்கும் வயது எனக்கு வாய்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களைக் கோயில் வீதிகளில் கேட்டு வளர்ந்தேன். தவில் பலாமரத்தைக் குடைந்து செய்வது. தோல்வார் பிணைத்த பழைய தவிலைவிட இரும்பு வளையமும் திருகாணியும் பூட்டிய புதிய தவில் இன்னும் பாரம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவாமிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிப்பார்கள். எங்கள் வீதியில் இருந்த ஒருவரிடம் சிறுவயதில், "உங்களுக்குத் தோள் நோகாதா?" என்று கேட்டேன். "வாரைக் கட்டையாய் எடுக்கவேணும். தவில் உடம்போடை ஒட்டி நிக்கவேணும். ஆடினால்தான் பாரம்" என்றார். சுவாமி காவுபவர்களும், சால்வையை நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, இதையேதான் சொல்வார்கள்.

கடையிலிருந்த இளைஞன் விளக்கியதும் ஏறத்தாழ இதுதான். வெறும் பையைத் தூக்கிப் பார்த்து வாங்கக்கூடாது. கோல்களைப் போட்டு, வாரை உடம்புக்கு அளவாக இழுத்து, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்க்கவேண்டும். தோளில் தொங்கும்போது பை ஏறக்குறையப் படுக்கையாக நிற்கவேண்டும். அடிப்பக்கம் தாழ்ந்தால் கோலின் தலைகள் தோளில் இடிக்கும். வாய்ப்பக்கம் தாழ்ந்தால் கோல்கள் சரியும். இடுப்பில் படும் இடத்தில் மெத்தை வேண்டும். வாய்க்குள் பதினான்கு தனி அறைகள் உள்ள பை பார்வைக்கு ஒழுங்கானது. ஆனால் ஒவ்வொரு தடுப்பும் பாரம். நான்கு அறை போதும். கால்கள் விரிகின்ற பொறிதான் முதலில் கெடும் உறுப்பு என்பதால், அதைக் கடையிலேயே இருபது தடவை விரித்து மடக்கிப் பார்க்கவேண்டும்.

நான் தராசையும் கொண்டு போயிருந்தேன். அண்ணனுக்குச் சற்று வெட்கம். இளைஞனோ ஆர்வமாகிவிட்டான். ஒரு பையின் அட்டையில் எழுதியிருந்த எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் ஏறத்தாழ முந்நூறு கிராம் வித்தியாசம். வாரையும் மழைமூடியையும் கழற்றிவிட்டு நிறுத்திருப்பார்கள் என்றான் அவன். ஆகவே நண்பர்களே, அட்டையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். இன்னொன்றும் கண்டோம்: எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. ஒன்றரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு இறங்குவதற்கு நூறு டொலர் கூடக் கேட்டார்கள். அந்த அரைக்கிலோவை இரண்டு கோல்களை வீட்டில் விட்டுவிட்டால் இலவசமாகவே பெறலாம் என்று நான் சொன்னேன். இளைஞன் சிரித்தான்; கடை முதலாளி சிரிக்கவில்லை.

கடைசியில் சாம்பல் நிறத்தில், இரட்டை வாரும் மெல்லிய காலும் கொண்ட பையொன்றை வாங்கினோம். எங்கள் தராசில் ஒரு கிலோ அறுநூறு கிராம்.

*

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின், அண்ணன் பதினான்கு கோல்களையும் சமையலறைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். பதினான்கும் சேர்ந்து ஐந்தரைக் கிலோவுக்குக் கிட்ட வந்தன. பை, தண்ணீர்ப் போத்தல், மழைச்சட்டை, பந்துகள் எல்லாம் சேர்த்தால் எட்டுக் கிலோ கடந்துவிடுகிறது. எதை விடுவது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒரு கோல் நண்பர் பரிசளித்தது. ஒன்று மகள் முதற் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதனால் அவர் ஒருநாளும் நல்ல அடி அடித்ததில்லை. ஆனாலும் அதைத்தான் முதலில் பைக்குள் வைத்தார்.

தரையில் பரப்பியிருந்த பொருட்களையும், அவற்றின் நடுவே குந்தியிருந்த அண்ணனையும் பார்த்தபோது, எனக்கு 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு கண்முன் வந்தது. அண்ணன் அன்று ஊரில் இல்லை. அம்மாவும் நானும் மட்டுமே இருந்தோம். ஐயா காலமாகி நான்கு வருடம். வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்படி மாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இலட்சக்கணக்கான சனங்கள் ஒரே இரவில், கொட்டும் மழையில், தென்மராட்சிக்கு நடந்ததை நேரில் பட்டவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விவரித்து விளங்கவைக்க எனக்கு இன்றும் இயலவில்லை.

அம்மா அப்படித்தான் விறாந்தையில் பொருட்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தார். காணி உறுதி, அரிசி, இரண்டு சேலை, சுவாமிப் படம். பெரிய இரும்புப் பெட்டியை ஒருமுறை தடவிவிட்டு அப்படியே விட்டார். சந்தைக்குக் கொண்டுபோகும் பனையோலை உமலை எடுத்தார். "பெட்டி பாரம், உமல் பாரமில்லை" என்றார். உமலுக்குள் வைத்தது, அண்ணன் ஒன்பது வருடமாக எழுதிய கடிதங்கள் அடங்கிய துணிப்பை. நான் எடுத்தது, என் பட்டச் சான்றிதழும், பத்திரிகையில் அதுவரை நான் எழுதியவற்றின் நறுக்குகளும். பொருளாதாரத் தடையால் கடதாசி இல்லாமல், அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சிட்ட பத்திரிகைகள் அவை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த நறுக்குகள் இல்லாவிட்டால் நான் யார் என்று யாருக்கும் தெரியாது போய்விடும் என நினைத்தேன்.

எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தோம். செம்மணி வெளியில் பின்சில்லு வளைந்துவிட்டது. சனநெருக்கத்தில் நிற்கவும் முடியாது. சைக்கிளை விட்டுவிட்டுப் பொருட்களைத் தோளில் ஏற்றினேன். நாவற்குழிப் பாலம் இன்னும் தூரத்தில் இருந்தது. அம்மாவின் ஒரு கையையும் பிடிக்கவேண்டும். ஒன்றை விட்டாக வேண்டிய நிலை. அம்மா சற்று முன்னால் நின்றார். நான் உமலைச் சைக்கிளுக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீரில், வைத்துவிட்டு நடந்தேன். என் நறுக்குகளை வைக்கவில்லை.

மறுநாள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மா கேட்டார். "தம்பி, உமல் எங்கை?"

"சனத்துக்குள்ளை விழுந்திட்டுது அம்மா."

"சரி, விடு."

அதன்பின் அவர் கேட்கவேயில்லை. 2012 இல் அம்மா காலமானார். அதுவரைக்கும் நான் சொல்லவுமில்லை. அடுத்த ஆண்டு இணுவிலுக்குத் திரும்பியபோது காப்பாற்றிக் கொண்டுவந்த நறுக்குகளை அலுமாரியில் வைத்தேன். சில வருடங்களில் பெரும்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது.

*

அண்ணன் கோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தேன் என்று தெரியவில்லை. இருபத்தொன்பது வருடங்களாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவருடைய கடிதங்கள் விழவில்லை. நான்தான் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அம்மா தொண்ணூற்றாறிலை எழுதினவ. 'தம்பி உன்ரை கடிதங்களைச் செம்மணியிலை வைச்சதை நான் கண்டனான். பிள்ளையும் என்ன செய்யிறது. நீ அவனிட்டை ஒண்டும் கேக்காதை' எண்டு. பழசையெல்லாம் முதலிலை இருந்து ஒருக்கா எழுதி அனுப்பச் சொல்லியும் கேட்டிருந்தா."

"எழுதினீங்களோ?"

"இல்லை." கோலைத் தரையில் வைத்தார். "அதிலை பாதி பொய்யடா. நான் இங்கை வந்து நாலு வருசம் இரவிலை கோப்பை கழுவினனான். அம்மாவுக்குக் கந்தோர் வேலை எண்டு எழுதினனான். பனியைப் பற்றி, மேசையைப் பற்றி, துரையைப் பற்றியெல்லாம் எழுதினனான். திருப்பி எழுதிறதெண்டால் எந்தப் பொய்யை எங்கை சொன்னனான் எண்டு ஞாபகம் வேணுமே?"

இருவரும் சிரித்தோம். பின்பு சற்று நேரம் பேசவில்லை. நீ விட்டது நல்லதென்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பொய்யானாலும் அம்மா அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிறகு அவர் ஒவ்வொன்றாக ஐந்து கோல்களை எடுத்து மூலையில் சாத்தினார். ஒன்பது மிஞ்சின. தூரத்துக்கு இரண்டு, நடுத்தூரத்துக்கு நான்கு, மணற்குழிக்கும் கரைக்கும் இரண்டு, குழிக்குள் உருட்ட ஒன்று. மகள் வாங்கிக் கொடுத்தது அந்த ஒன்பதில் இருந்தது. ஆறு பந்து, அரைப்போத்தல் தண்ணீர், மழைச்சட்டை. தராசில் கொளுவித் தூக்கினேன். ஆறரைக் கிலோ. வைத்தியர் மகிழ்வார்.

மறுநாள் காலை டாம் ஓஷாண்டரில் அவரோடு நானும் நடந்தேன். புல்லில் பனித்துளி காயவில்லை. பழைய பையோடு ஏழாவது குழியிலேயே உட்கார்ந்துவிடுவாராம். அன்று பதினொன்று தாண்டியும் நடை தளரவில்லை. பந்து வழக்கம்போல ஓடைக்குள்ளும் மரங்களுக்குள்ளும் போனது. ஒரு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதைக் கண்டு, "தாங்கோ அண்ணை, கொஞ்சத் தூரம் நான் காவுறன்" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். வாரைக் கழற்றித் தந்தார். வாரைக் கட்டையாக இழுத்து, பையை உடம்போடு ஒட்டி, இரண்டு குழிகள் வரை நான் காவினேன். அதன்பின் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதை எழுதும் நேரத்தில் இணுவிலில் மழை. ரொறன்ரோவில் மைதானங்களை மூடும் காலம் நெருங்குகிறது. நேற்று அண்ணன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சாம்பல் நிறப் பை சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கீழே ஒரு வரி:

"இன்னும் ஒண்டைக் குறைச்சிட்டன். இப்ப எட்டு. பிள்ளை தந்தது இருக்குது."